அவர் கேட்காத பொருத்தனை

ஆனந்த்,

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் இரண்டு வரி படித்துவிட்டு, கைகூப்புகிற படம் ஒன்றை அனுப்பி முடித்துவிடுவாய். நேரில் பேசலாம் என்றால் நான் கத்துவேன், நீ "வாம்மா, முட்டி போட்டு ஜெபம் பண்ணலாம்" என்று என் வாயை அடைப்பாய். ஜெபம் பண்ணலாம் என்கிறவனிடம் எந்தத் தாய் சண்டை போட முடியும்? அதனால்தான் பேப்பரும் பேனாவும் எடுத்து உட்கார்ந்திருக்கிறேன். கவரை ஒட்டப்போவதில்லை. நீ படித்த பிறகு சபையில் யார் கேட்டாலும் கொடு. பக்கத்து வீட்டார் முடியை நேர்ந்துகொண்டால் திருமலைக்குப் போய் மொட்டை அடித்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். முடி மறுபடி முளைத்துவிடும். நாம் அதையே பொருத்தனை என்று பேர் மாற்றி, பிள்ளையையே நேர்ந்துகொள்கிறோம். அப்படி நேர்ந்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கிற தாய் நம் சபையில் நான் ஒருத்திதான் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர்களும் படிக்கட்டும்.

என்னைச் சந்தேகப் பிராணி என்று எட்டாவது படிக்கும்போதே பெயர் வைத்தவன் நீ. வைத்தது சரிதான். இருபத்தெட்டு வருடமாக ஏ.என்.எம். வேலை பார்த்து, ஊர் ஊராகப் போய்க் குழந்தைகளுக்கு ஊசி போடுகிறவளுக்குச் சந்தேகம் இல்லாமல் பிழைப்பு ஓடாது. ஐஸ் பெட்டியில் இருந்து தடுப்பூசி பாட்டிலை எடுத்தால், அதன்மேல் இருக்கிற, சூட்டில் மருந்து கெட்டால் கறுத்துப்போகிற சின்னச் சதுரம் கறுத்துவிட்டதா என்று பார்க்காமல் ஒரு குழந்தைக்கும் நான் ஊசி போட்டதில்லை. மருந்து நல்லதுதான் என்று மேலே இருந்து சொல்லி அனுப்பியிருந்தாலும் பார்ப்பேன். கடைசியாகத் தலைக்கு ஊற்றிக்கொண்டது எப்போது என்று ஒரு கர்ப்பிணிப் பெண்ணிடம் கேட்டால் அவள் சொல்கிற தேதியை எழுதிக்கொள்வேன். அப்புறம் அந்த மாதம் என்ன பண்டிகை வந்தது, யார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனாள் என்று பேச்சை வளர்த்து, உண்மையான தேதியை அதன் பக்கத்தில் எழுதுவேன். அவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. பயத்தில் பொய் சொல்கிறார்கள், வெட்கத்தில் பொய் சொல்கிறார்கள். ஊரில் எல்லாருடைய பொய்யையும் பிடித்த நான் என்னுடையதை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

இந்த மாதம் முப்பதாம் தேதி ராஜினாமா கொடுக்கப்போகிறாய். ஸ்ரீ சிட்டி கம்பெனியில் ஏழு வருடம். ஆபரேட்டராகச் சேர்ந்தவன் லைன் லீடராக ஆகியிருக்கிறாய். ராஜினாமாக் கடிதத்தை போனில் டைப் செய்து வைத்திருப்பதை போன ஞாயிற்றுக்கிழமை எனக்குக் காட்டினாய். ஒன்றாம் தேதி திருப்பதிப் பக்கம், நம் சபைக் கூட்டத்தில் பிரசங்கம் பண்ண வந்த அந்தப் பிரதர் நடத்துகிற ஊழியப் பயிற்சிக்குப் போகிறாய். இரண்டு வருடம் அங்கேயே தங்க வேண்டும், வீட்டுக்கு வரக் கூடாது என்றாய். "ஆண்டவர் இத்தினி ஜனத்துக்கு முன்னாடி கூப்ட்டாரும்மா. இன்னும் நான் ஷிப்டுக்குப் போய்க்கினு இருந்தா அது கீழ்ப்படியாமை இல்லியா" என்று கேட்டாய். நான் சட்டியைத் தேய்ப்பது போல உட்கார்ந்திருந்தேன். பதில் என்னிடம் இருந்தது.

நீ கூப்பிடப்பட்ட அந்த மத்தியானத்தை நாம் இரண்டு பேரும் ஒரே இடத்தில் இருந்துதான் பார்த்தோம். ஆனால் நீ பார்த்தது வேறு, நான் பார்த்தது வேறு. பிச்சாட்டூரில் நம் சபையின் மூன்று நாள் உபவாசக் கூட்டம், கடைசி நாள். தகரக் கொட்டகையில் காற்று இல்லை. வெளியூரில் இருந்து வந்த பிரதர் பாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டு, கண்ணை மூடி, கையை ஆண்கள் பக்கமாக நீட்டினார். "இங்கே ஒரு வாலிபன் உட்கார்ந்திருக்கிறான். கம்பெனி வேலை செய்கிறவன். மகனே, உன் தாய் உன்னைச் சுமந்த ஏழாம் மாதத்திலே, தண்ணீர்க் கரையிலே, நீ வயிற்றுக்குள்ளே சாகிற வேளையிலே, ஆண்டவரே இவன் பிழைத்தால் இவன் உமக்கு என்று அழுதாள். உன் தகப்பனும் அறியாத காரியம். இன்றைக்கு ஆண்டவர் உன்னைக் கேட்கிறார்" என்றார். சபையே அல்லேலூயா போட்டது. நீ திரும்பி என்னைப் பார்த்தாய். இது நிஜமா அம்மா என்று உன் கண் கேட்டது. நான் தலையாட்டினேன். அழவும் அழுதேன். நீ எழுந்து முன்னால் போய் முழங்காலில் விழுந்தாய்.

நீ கும்பிட்டு விழுந்தது பிரதர் பேச்சுக்காக இல்லை, என் தலையாட்டலுக்காக. அது எனக்கு அந்த நொடியே தெரியும். ஏனென்றால் பிரதர் சொன்னதில் ஒரு வார்த்தைகூட அவருக்கு மேலே இருந்து வரவில்லை. என் கையெழுத்தில் இருந்து வந்தது.

கூட்டத்துக்கு முந்தின வாரம் ஜெப விண்ணப்பச் சீட்டு கொடுத்தார்கள் அல்லவா. பேர், ஊர், பிள்ளைகள் என்ன செய்கிறார்கள், என்ன தேவை என்று எழுதி பாஸ்டரம்மாவிடம் கொடுக்க வேண்டும். நான் இரண்டு பக்கமும் எழுதிக் கொடுத்தேன். உனக்கு மூன்று இடத்தில் பெண் பார்த்து மூன்றும் கடைசி நேரத்தில் தட்டிப்போயிருந்தது. நகரியில் பார்த்த பெண் வீட்டில் பூ வைக்கிற தேதிகூடக் குறித்த பிறகு வேண்டாம் என்றார்கள். பழைய பொருத்தனை ஒன்று நிறைவேற்றாமல் கிடக்கிறதே, அதுதான் குறுக்கே நிற்கிறதோ என்று எனக்குப் பயம். அதனால் எழுதினேன். ஏழாம் மாதம் என்று எழுதினேன், டேம் கரை என்று எழுதினேன், ரத்தம் போனது, பிள்ளை பிழைத்தால் உமக்கு என்று சொன்னேன், என் கணவருக்கும் தெரியாது என்று எழுதினேன். பிரதர் "தண்ணீர்க் கரை" என்றபோதே அது என் சீட்டு என்று எனக்குப் பிடிபட்டுவிட்டது. உன்னைச் சுமந்த ஏழாம் மாதத்தில் நான் டேம் பக்கமே போகவில்லை, ஆனந்த். எனக்கு ஒரு சொட்டு ரத்தமும் போகவில்லை. பொய் சொன்னால் அதற்கு ஓர் இடம் வேண்டுமே என்று நம் ஊர் டேமை எழுதினேன். ஆண்டவருக்கு நான் எங்கே நின்றேன் என்று தெரியாதா? தெரியாதவர் பேசியதால்தான் டேம் கரை என்று வந்தது.

அப்படியும் என் புத்தி விடவில்லை. புதன்கிழமை பாஸ்டரம்மா வீட்டுக்குப் போனேன். அவர்கள் வீட்டில் தெலுங்கு, நம்மோடு பேசும்போது இரண்டும் கலந்துதான் வரும். "சீட்டெல்லாம் எங்க வெச்சீங்க பாஸ்டரம்மா" என்று கேட்டேன். "பிரதர் ரூம்லயே கதா அக்கா வெச்சோம். ஒண்ணொண்ணா கை வெச்சி ப்ரார்த்தன பண்ணாரு" என்றார். "படிச்சாரா?" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "படிக்காம எட்லா அக்கா ப்ரார்த்தன பண்றது? மூணு நாளும் மத்தியானம் அதே வேலதான் அவருக்கு" என்றார். மோர் கொடுத்தார், குடித்துவிட்டு வந்தேன்.

பிரதரைத் திருடன் என்று நான் சொல்லவில்லை. நூறு சீட்டு படித்தவர் மனதில் நாலு வரி தங்கியிருக்கும், மேடையில் கண்ணை மூடியதும் அது மேலே வந்திருக்கும், அவரும் அதை வெளிப்பாடு என்றே நம்பியிருக்கலாம். மனிதர் மனது அப்படித்தான் வேலை செய்கிறது. ஆனால் நான் கூட்டத்து போஸ்டரில் இருந்த அவர் நம்பருக்கு போன் போட்டு, "என் பையனுக்கு ஒரு ஆறு மாசம் டைம் குடுங்கய்யா, யோசிக்கட்டும்" என்று கேட்டபோது அவர் சொன்ன பதிலைத்தான் என்னால் செரிக்க முடியவில்லை. "சிஸ்டர், தாமதம் பிசாசு செய்கிற வேலை. சந்தேகமும் அவன் கொடுக்கிறதுதான்" என்றார். நான் போனை வைத்துவிட்டேன். என் சந்தேகத்தால் நம் மண்டலத்தில் எத்தனை குழந்தைகள் கெட்ட மருந்தில் இருந்து தப்பியிருக்கின்றன என்று அவருக்குத் தெரியாது. உனக்கு நான் ஒன்று சொல்கிறேன், ஊழியத்துக்குப் போனாலும் போகாவிட்டாலும் வைத்துக்கொள். கேள்வி கேட்டால் கோபப்படுகிறவன் சொல்வதை உடனே நம்பாதே. அவசரப்படுத்துகிறவனை அதைவிடக் குறைவாக நம்பு.

இனி நடந்ததைச் சொல்கிறேன். இதை எழுதத்தான் மூன்று நாளாக இந்தப் பேப்பரை எடுப்பதும் மூடுவதுமாக இருந்தேன்.

நம் வீட்டில் ஒருவருக்கும் காணி நிலம் இருந்ததில்லை. என் அம்மா களை எடுத்தாள், நானும் எடுத்தேன். பத்தாவது முடித்து, எப்படியோ ஏ.என்.எம். பயிற்சியும் முடித்துவிட்டு, மூன்று வருடம் சர்டிபிகேட்டைப் பெட்டியில் வைத்துக்கொண்டு வேர்க்கடலை பறிக்கப் போனேன். கல்யாணமாகி நீ வயிற்றில் ஏழு மாதம் இருக்கும்போது அரசு வேலை லிஸ்டில் என் பெயர் வந்தது. அப்போது நமக்கு எல்லாம் சித்தூர்தான், திருப்பதி தனி ஜில்லாவாகவில்லை. உன் நைனாவும் நானும் விடியற்காலை பஸ் பிடித்துச் சித்தூர் போனோம். ஆபீஸ் வாசலில் ஒரு புளியமரம். அங்கே காத்திருந்த பெண்கள் என் வயிற்றைப் பார்த்துவிட்டு, "சேந்த ஒடனே லீவு கேப்பேன்னு தள்ளி வுட்ருவாங்கக்கா, தெரியாத மாதிரி நில்லு" என்றார்கள். அது உண்மையா பொய்யா என்று நான் யாரிடமும் விசாரிக்கவில்லை. அன்றைக்கு மட்டும் எனக்குச் சந்தேகம் வரவில்லை, பார். புடவையைத் தளர்த்திக் கட்டிக்கொண்டு, சர்டிபிகேட் பைலை வயிற்றுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, "ஆண்டவரே, இந்த ஆர்டர் என் கைக்கு வந்துட்டா இந்தப் புள்ளைய உங்களுக்கே குடுத்துர்றேன்" என்றேன்.

நீ உள்ளே நன்றாக உதைத்துக்கொண்டிருந்தாய். உனக்கு ஒரு குறையும் இல்லை. சாகக் கிடந்தது நீ இல்லை, என் வேலை. உள்ளே போனேன். ஒருவரும் என் வயிற்றைப் பார்க்கவே இல்லை. பெயர் கேட்டார்கள், கையெழுத்துப் போடச் சொன்னார்கள், ஆர்டரைக் கொடுத்தார்கள். பத்து நிமிஷ வேலை. அதற்காக உன்னைக் கொடுத்திருந்தேன். இந்தக் கேவலத்தை சீட்டில் எழுத எனக்கு வெட்கம், பாஸ்டரம்மா படிப்பாரே என்று. அதனால் வேலைக்குப் பதிலாக உன் உயிரை எழுதினேன். உயிருக்காக அழுத தாய் என்றால் கேட்கிறவர்கள் கண் கலங்குவார்கள் அல்லவா. கலங்கினார்கள். நீயும் கலங்கினாய்.

கொடுத்தவள் நிம்மதியாக இருந்தாளா என்றால் அதுவும் இல்லை. உனக்குக் காய்ச்சல் வரும்போதெல்லாம், கொடுத்ததை எடுத்துக்கொள்ள வந்துவிட்டாரோ என்று நடுங்குவேன். தெர்மாமீட்டரை நாலு தடவை உதறி வைத்துப் பார்ப்பேன். வீட்டுக்கு ஊழியக்காரர்கள் வந்தால் உன்னைக் கடைக்கு அனுப்பிவிடுவேன், எங்கே தலையில் கை வைத்து ஏதாவது சொல்லிவிடுவார்களோ என்று. ஒன்பதாவதில் வசனப் போட்டியில் நீ முதல் பரிசு வாங்கினாய். அப்போதிருந்த பாஸ்டர், "இந்தப் பையன் ஊழியத்துக்குன்னே பொறந்தவன்" என்றார். அடுத்த வாரமே உன்னை ஞாயிற்றுக்கிழமை மேத்ஸ் டியூஷனில் சேர்த்தேன். ஞாயிற்றுக்கிழமை டியூஷன் எடுக்கிற சாரைத் தேடிப் புத்தூர் வரைக்கும் போனேன் என்பது உனக்குத் தெரியாது. ஏம்மா சண்டே ஸ்கூல் வேண்டாமா என்று கேட்டாய். கணக்கில் நீ மோசம் என்றேன். நீ கணக்கில் மோசம் இல்லை. ஒரு கையால் உன்னை ஆண்டவரிடம் நீட்டிக்கொண்டு, இன்னொரு கையால் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தேன். நடுவில் நீ என்ன ஆனாய் என்று நான் பார்க்கவில்லை.

போன வருடம் ஒரு நாள் ஷிப்டு முடிந்து எனக்கு போன் செய்தாயே, ஞாபகம் இருக்கிறதா? "அம்மா, ஒரு பொண்ணுக்கு அஞ்சு மாசம்னா எட்டு மணி நேரம் நின்னுக்கினே வேல செய்யலாமா" என்று கேட்டாய். எனக்கு வந்த முதல் நினைப்பு என்ன என்று எழுதக் கை கூசுகிறது. "எந்தப் பொண்ணுடா? உனக்கு அவ இன்னா வேணும்?" என்று கேட்டேன். லாவண்யா, என் லைன்ல வேலை செய்யறா என்றாய். நான் உன்னை நம்பவில்லை. மறுநாள் லீவு போட்டுவிட்டு, உன்னிடம் சொல்லாமல், பஸ் மாறி மாறி ஸ்ரீ சிட்டிக்கு வந்து, கம்பெனி பஸ்கள் நிற்கிற இடத்தில் அந்தப் பெண்ணை விசாரித்துப் பிடித்தேன். வரதய்யபாளையம் பக்கத்துப் பெண். ஆனந்தின் அம்மா என்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ரெண்டு வாட்டி மயக்கம் வந்துச்சி மேடம். வேல பூடுமோன்னு நான் யார்கிட்டயும் சொல்லல. அண்ணன்தான் கண்டுபுடிச்சாரு. ஒக்காந்து செய்யற எடத்துக்கு மாத்தி வுட்டாரு. ஹெச்.ஆர். ரூமுக்கு நான் ஒண்டியா போகப் பயந்தேன், கூட வந்து பேசினாரு. வேல எங்கியும் போகாது, இது உனக்கு இருக்கற உரிமைன்னு சொன்னாரு" என்றாள். அதற்குள் அவள் புருஷன் பைக்கில் வந்துவிட்டான். "வேளைக்குத் துன்னச் சொல்லுங்க மேடம், நான் சொன்னா கேக்க மாட்றா" என்று என்னிடம் புகார் சொன்னான். நான் அவளுக்கு இரும்புச்சத்து மாத்திரை எப்படிச் சாப்பிடுவது என்று சொல்லிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு பஸ் ஏறினேன்.

பஸ்ஸில் வரும்போது அழுதேன். உன்னைச் சந்தேகப்பட்டதற்காக மட்டும் இல்லை. சித்தூர் புளியமரத்தடியில் நின்ற எனக்கு யாராவது ஒருவர் "வேலை எங்கியும் போகாது, வா, நான் கூட வர்றேன்" என்று சொல்லியிருந்தால் நான் உன்னைக் கொடுத்திருக்க மாட்டேன். அந்த வார்த்தையை நீ லாவண்யாவுக்குச் சொல்லியிருக்கிறாய். யாரும் உன்னை மேடையில் இருந்து கூப்பிடவில்லை. ஒரு பெண்ணுக்கு இரண்டு தடவை மயக்கம் வந்ததைக் கண்டுபிடித்தாய், எழுந்து போனாய். நீ அதை ஊழியம் என்று சொல்லிக்கொள்ளவும் இல்லை, ஞாயிற்றுக்கிழமை சாட்சியாகச் சொல்லவும் இல்லை. அழைப்பு என்றால் என்ன என்று எனக்குப் பிரசங்கம் பண்ணத் தெரியாது. ஆனால் ஆண்டவர் ஒருவனைக் கூப்பிடுவதும் அவன் போவதும் எப்படி இருக்கும் என்று என்னைக் கேட்டால், நான் அந்த பஸ் ஸ்டாப்பைத்தான் காட்டுவேன். உன்னிடம் அன்றைக்கே மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

இதையெல்லாம் படித்துவிட்டு, அம்மா தன் பிள்ளை பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்றுதான் இத்தனை கதை சொல்கிறாள் என்று நீ நினைக்கலாம். நானும் அப்படித்தான் என்னைச் சந்தேகப்படுகிறேன். கொஞ்சம் உண்மைதான். சனிக்கிழமை ராத்திரி நீ வருவாய் என்று மீன் வாங்கி வைக்கிற சுகம் போய்விடுமே என்று எனக்கு இருக்கிறது. உன் கல்யாணம் என்ன ஆகும் என்ற கவலையும் இருக்கிறது. அதைக் கழித்துவிட்டு மீதியைப் படி. கழித்த பிறகும் டேம் கரை பொய் பொய்யாகத்தான் இருக்கும்.

இதுவரைக்கும் எழுதியதை இன்று காலை உன் நைனாவுக்குப் படித்துக் காட்டினேன். உனக்கு முன்னால் அவருக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தேன். ஷேர் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டே கேட்டார். புளியமரம் வந்ததும் நான் நிறுத்தினேன். அவர் துணியைப் பிழிந்து காயப் போட்டார். "இன்னாமே புச்சா சொல்ற மாதிரி சொல்ற. எனக்குத் தெரியுமே" என்றார். "அன்னிக்கி நீ வாய்க்குள்ளயா ஜெபம் பண்ணே? பக்கத்துல ஒக்காந்துக்கினு இருந்த எனக்கு அவ்ளோவும் கேட்டுச்சி. நீ உள்ள போனதும் நானும் கண்ண மூடிக்கினு சொல்லிட்டேன். ஆண்டவரே, இவ பயத்துல ஒளர்றா, பெருசா எடுத்துக்காத. புள்ள பொறந்து வளரட்டும், அவனா வந்தா வரட்டும்னு."

இருபத்தெட்டு வருடம், ஆனந்த். ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு. "ஏன்யா இத்தன வருசம் சொல்லல" என்று கேட்டேன். "ஆர்டர் வந்த சந்தோசத்துல நீயே மறந்துட்டேன்னு நெனச்சேன்" என்றார். சரி, அது போகட்டும், கூட்டத்தில் பிரதர் தகப்பனுக்கும் தெரியாது என்று சொன்னாரே, அப்போது எழுந்து சொல்லியிருக்கலாமே என்றேன். "நீ தலையாட்டிக்கினு அழுதுக்கினு இருந்தே. அவ்ளோ ஜனத்துக்கு நடுவுல என் பொண்டாட்டி பொய் சொல்றாள்னு சொல்லச் சொல்றியா" என்றார். அந்த மனிதரைத் திட்டுவதா கும்பிடுவதா என்று தெரியாமல் உட்கார்ந்துவிட்டேன். பெண்டாட்டி பண்ணின பொருத்தனையைப் புருஷன் கேட்ட அன்றைக்கே வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அது நிற்காது என்று வேதத்தில் ஒரு சட்டம் இருக்கிறது. அந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வரும், பெண் பேச்சுக்கு அவ்வளவுதான் மரியாதையா என்று. இன்றைக்குக் கோபம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்து நின்று, சீட்டில் எழுதியது பொய், தலையாட்டியதும் பொய் என்று சொல்லப்போகிறேன். பாஸ்டரம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவர் பயந்துபோய், பிரதர் பேரைச் சொல்ல வேண்டாம் அக்கா என்றார். அவர் பேர் எனக்கு எதற்கு, என் பேர் போதும் என்றேன். நர்சம்மாவே இப்படியா என்று ஊரில் பேசுவார்கள். ஊசி போடப் போகிற வீட்டிலும் பேசுவார்கள். அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அப்படியானால் ஆண்டவர் என்னைக் கூப்பிடவே இல்லையா என்று நீ கேட்பாய். எனக்குத் தெரியாது. முழு நேர ஊழியத்துக்கே கூப்பிட்டிருந்தாலும் இருக்கலாம். என் பொய்யைத் தாண்டிக்கூட அவருக்கு உன்னிடம் பேசத் தெரியும். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அவர் ஒருநாளும் உன்னை என்னிடம் கேட்கவில்லை. நானாகக் கொடுத்தேன், அதுவும் எனக்குச் சொந்தம் இல்லாததைக் கொடுத்தேன். முப்பதாம் தேதிக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. பிரதரும் வேண்டாம், நானும் வேண்டாம். தனியாகப் போய் அவரையே கேள். போ என்று அவர் சொன்னால் போ, நானும் நைனாவும் திருப்பதி வரைக்கும் வந்து பெட்டியை இறக்கி வைத்துவிட்டு வருவோம். இரு என்று சொன்னால் வெட்கப்படாமல் ஷிப்டுக்குப் போ.

இன்னும் ஒன்று சொல்லாமல் விட்டுவிட்டேன். நீ பிறந்த அன்றைக்கு நர்ஸ் உன்னைத் துடைத்து என் பக்கத்தில் வைத்து, "பாரும்மா, பையன்" என்றாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். மயக்கம் என்று நினைத்து முகத்தில் தண்ணீர் தெளித்தாள். மயக்கம் இல்லை. கொடுத்துவிட்ட பிள்ளை, பார்த்து ஆசை வைத்துவிடக் கூடாது என்று மூடிக்கொண்டேன். பால் கொடுத்தேன், குளிப்பாட்டினேன், பள்ளிக்கூடம் அனுப்பினேன், எல்லாம் அப்படியேதான் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை வா. சபைக்கு வர உனக்கு வெட்கமாக இருந்தால் வீட்டுக்கு வா. உன்னை நான் ஒரு தடவை பயமில்லாமல் பார்க்க வேண்டும்.

அம்மா